பிள்ளையின் கைத்தொலைபேசியும் எமது மௌனமும்

போருக்குப் பின்னர் மன்னார்த் தீவிலும் கரையோரக் கிராமங்களிலும் இருந்து பல பெண் பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றிருக்கிறார்கள். தகப்பனை இழந்த வீடுகளில் கருவாடு காயவைத்தும், தையல் தைத்தும், கூலிக்குப் போயும் தாய்மார் படிப்பித்த பிள்ளைகளும் இவர்களுள் அடங்குவர். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு என்று தூரத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளையைத் தாயோடு இணைப்பது கைத்தொலைபேசிதான். அதன் வழியாகவே பிள்ளைக்கு ஆபத்தும் வருகின்றது.

2020 பெப்ரவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சியிலுள்ள தொழில்நுட்ப பீடத்தில், புதுமுக மாணவிகளுக்குச் சிரேஷ்ட மாணவர்கள் தொலைபேசி மூலம் பாலியல் தொல்லை கொடுத்ததாக முறைப்பாடு எழுந்தது. முன்பு விடுதியிலும் விரிவுரை மண்டபத்திலும் நடந்த பகிடிவதை, இப்போது வீட்டு அறைக்குள்ளேயே வந்துவிடுகிறது.

வற்புறுத்தலால் மட்டுமல்ல, காதலிலும் நம்பிக்கையிலும் இளையோர் அந்தரங்கப் படங்களைப் பரிமாறுகிறார்கள். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, 18 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களில் 100க்கு 38 பேர் இவ்வாறு அனுப்பியிருந்தனர். 100க்கு 15 பேர், தமக்கு வந்ததை உரியவரின் சம்மதமின்றிப் பிறருக்கு அனுப்பியிருந்தனர். பெரும்பாலும் மேலை நாடுகளில் திரட்டப்பட்ட கணக்கு இது. ஆனால் நம்பிக்கைத் துரோகம் எந்த நாட்டுக்கும் பொதுவானது.

வேறுபாடு அதன் பின்னர் நடப்பதில்தான் இருக்கிறது. எந்த நாட்டிலும் பழி பெண்ணின் மேல்தான் கூடுதலாக விழுகிறது. எமது ஊர்களிலோ அது அவளோடு நிற்பதில்லை. தாயின் வளர்ப்பு, தங்கையின் கலியாணம், கோயிலிலும் பள்ளிவாசலிலும் குடும்பத்துக்குள்ள மதிப்பு எல்லாம் பேசுபொருளாகின்றன. "ஊருக்குக் காட்டுவேன்" என்று மிரட்டுபவனுக்கு இந்தப் பயமே ஆயுதம். பிள்ளை காசு கொடுக்கிறாள், படிப்பை விடுகிறாள், சில வேளை உயிரையே மாய்க்க நினைக்கிறாள். இன்று சாதாரண முகப்படம் ஒன்றிலிருந்தே செயற்கை நுண்ணறிவு மூலம் பொய்யான நிர்வாணப் படம் செய்யலாம். ஆகவே எதையும் அனுப்பாத பிள்ளையும் இதில் அகப்படலாம்.

அப்படியொரு நாளில் பிள்ளை உங்களிடம் வந்தால், "ஏன் அனுப்பினாய்?" என்பதை முதற் கேள்வியாக்காதீர்கள். "நான் இருக்கிறன், பயப்படாதே" என்பதே முதற் சொல்லாக இருக்கட்டும். பிறகு இவற்றைச் செய்யுங்கள்:

• மிரட்டுபவனுக்குக் காசோ இன்னொரு படமோ கொடுக்க வேண்டாம். கொடுத்தால் மேலும் கேட்பான்.

• செய்திகளை உடனே அழிக்க வேண்டாம். தொலைபேசி இலக்கம், திகதி, மிரட்டல் என்பன சாட்சிகள்.

• பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பணியகத்தில் முறையிடலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 1929.

• பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் கதைக்கலாம்.

• 'ஸ்டொப் என்.சி.ஐ.ஐ.' என்ற இலவச இணையச் சேவை 2021 முதல் இயங்குகிறது. படம் உங்கள் தொலைபேசியை விட்டு வெளியேறாது. அதன் இலக்க அடையாளம் மாத்திரம் பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்ற நிறுவனங்களுக்குப் போய், அங்கே அந்தப் படம் பரவுவதைத் தடுக்க உதவும். இது 18 வயதுக்கு மேற்பட்டோருக்கானது.

சட்டமும் பிள்ளையின் பக்கமே நிற்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, சொல்லாலோ செயலாலோ பாலியல் தொல்லை கொடுப்பவருக்கு 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பகிடிவதையின்போது பாலியல் தொல்லை கொடுத்தால், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது 10 ஆண்டுகள் வரை நீளலாம். மிரட்டிக் காசு பறிப்பதும் தனிக் குற்றம்.

போர்க்காலத்தில் பெண்களுக்கு நடந்த எத்தனையோ கொடுமைகள் "மானம்" என்ற சொல்லால் மூடப்பட்டன. அந்த மௌனத்தைச் சுமந்தவர்கள் நாங்கள். அதன் பாரம் எங்களுக்குத் தெரியும். மானம் இழந்தவன் நம்பிக்கையை விற்றவனே, நம்பியவள் அல்ல. அடுத்த முறை பிள்ளை விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது, எதுவும் நடக்காத ஒரு நாளிலேயே இதைப் பற்றி அவளோடு கதைத்து வையுங்கள். மகன் இருந்தால், பிறர் நம்பித் தந்ததைக் காப்பதே ஆண்மை என்று அவனுக்கும் சொல்லிக் கொடுங்கள்.