உங்களுக்குத் தெரியுமா? 399 டாலர் ரேசரும் 15 ரூபாய் ரேசரும்!

கொல்கத்தாவின் கார்டன் ரீச் என்றதும் போர்க்கப்பல்தானே ஞாபகத்துக்கு வருகிறது? சுதந்திர இந்தியாவில் கட்டிய முதல் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். அஜய், 1961இல் அங்கிருந்துதான் கடற்படைக்குப் போனது. ஆனால், காலையில் நாம் பூசும் சோப்பு நுரைக்கும் அந்த ஊருக்கும் பழைய சொந்தம். 1934இல் நார்த் வெஸ்ட் சோப் கம்பெனியின் கார்டன் ரீச் ஆலையை வாடகைக்கு எடுத்துத் தன் சோப்புகளைத் தயாரிக்கத் தொடங்கியது லீவர் பிரதர்ஸ்!

அதே 1934இல்தான் அங்கே இருந்த கப்பல் பட்டறை 'கார்டன் ரீச் ஒர்க்‌ஷாப்ஸ்' என்று கம்பெனியாகப் பதிவானது. ஒரே ஊர், ஒரே வருஷம். ஒரு பக்கம் சோப்பு, இன்னொரு பக்கம் எஃகு. ஷேவிங்குக்கு வேறென்ன வேண்டும்!

சரி, பிளேடு? அதற்கும் கொல்கத்தாதான்! டோபாஸ் பிளேடு கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்த ஹர்பன்ஸ்லால் மல்ஹோத்ரா நிறுவனம் கொல்கத்தாவைச் சேர்ந்தது. வெளிநாட்டுச் சவரப் பிரியர்கள் தேடித் தேடி வாங்கும் 'லேசர்' பிளேடும் அவர்களுடையதே!

இன்னும் கேளுங்கள். 1984இல் ஜில்லெட்டோடு கைகோத்து 'இந்தியன் ஷேவிங் புராடக்ட்ஸ்' தொடங்கிய சரோஜ் குமார் போத்தாரும் கொல்கத்தாக்காரர். ஆலை மட்டும் ராஜஸ்தானின் பிவாடியில். அந்தக் கம்பெனியின் இன்றைய பெயர்? ஜில்லெட் இந்தியா!

இப்போது தலைப்பில் உள்ள விலைக்கு வருவோம். 'ஒன்பிளேடு' என்ற அமெரிக்க ரேசர். பிளேடு ஒன்று, அதற்குக் கூர் ஒரே பக்கம், உடம்பெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வெளிவந்தபோது விலை 399 டாலர். அன்றைய கணக்கில் நம் ஊர்ப் பணம் சுமார் 25,000 ரூபாய்!

அதில் மாட்டுகிற பிளேடை அவர்கள் தயாரிக்கவில்லை. ஜப்பானின் ஃபெதர் கம்பெனியிடம் வாங்கினார்கள். ஃபெதர் பிறந்த ஊர் செகி. சாமுராய் வாள் அடித்தே பேர் வாங்கிய ஊர்! கம்பெனி தொடங்கிய வருஷம் 1932. அறுவைசிகிச்சைக் கத்தியும் அவர்கள் செய்கிறார்கள். ஆக, 399 டாலரில் பெரும்பகுதி போனது கைப்பிடிக்கும் தலைக்கும்தான். தாடியை வெட்டுகிற சமாச்சாரம் தீர்ந்தால் தனிக் காசு!

ஒற்றைக் கூர் ரேசர் ஏதோ மேல்நாட்டு ஆடம்பரம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் தெருமுனை சலூனில் இருப்பது என்ன? இரண்டு பக்கமும் கூரான பிளேடைக் காகிதத்தோடு நடுவில் ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகுகிறார் சலூன்காரர். இதுவும் ஒற்றைக் கூர்தான். ஒரு பிளேடில் இரண்டு வாடிக்கையாளர்! இந்தப் பொருளாதாரம் எந்த அமெரிக்கக் கம்பெனிக்கும் தோன்றவில்லை!

ரேசர் வரலாற்றில் விமானம் உண்டு. நம்புவீர்களா? கைப்பிடிக்குக் குறுக்கே, களைக்கொத்து மாதிரி பிளேடை வைக்கலாம் என்று 1847இல் யோசனை சொன்னவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்சன். இன்றைக்கும் பெரும்பாலான ரேசர்களுக்கு அதே வடிவம்தான். இதே ஹென்சன்தான் அதற்கு முன் நீராவியில் பறக்கும் விமானத்துக்குக் காப்புரிமை வாங்கியவர். ரைட் சகோதரர்கள் பறந்ததற்கு 60 ஆண்டு முன்னால்! எகிப்துப் பிரமிடுகளுக்கு மேலே அது பறப்பது போலப் படம் வரைந்து விளம்பரம்கூட வந்தது. விமானம் மட்டும் பறக்கவே இல்லை. ரேசர் பறந்துவிட்டது!

இப்போது கனடாவில் ஹென்சன் என்ற பெயரிலேயே ஒரு ரேசர் விற்கிறது. செய்பவர்கள் யார் தெரியுமா? விமானப் பாகங்களைக் கடைந்துகொண்டிருந்தவர்கள்! பிளேடின் கூர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவு வெறும் 0.033 மில்லிமீட்டர்!

விலையுயர்ந்த ரேசரை எடைபோட வேண்டுமா? பளபளப்பைப் பார்க்காதீர்கள். கூர் எவ்வளவு வெளியே நீட்டுகிறது, பிளேடைத் தலை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது, இந்த இரண்டையும் பாருங்கள். பிளேடு ஆடினால் தோல் எரியும். ஆடாவிட்டால் ஷேவ் ஆனதே தெரியாது!

நாம் வழக்கமாக வாங்கும் இரட்டைக் கூர் பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். பத்தை அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர்! பழைய அமெரிக்க 'ஜெம்' வகை ஒற்றைக் கூர் பிளேடோ 0.23 மில்லிமீட்டர். இரண்டு மடங்குக்கும் மேல்! அது வளைந்து கொடுக்காது. அதிர்வும் குறைவு. ஒற்றைக் கூருக்கு இத்தனை ரசிகர்கள் இருப்பது சும்மா இல்லை.

'ஸ்டார்' ரேசர் என்று ஒன்று. நியூயார்க்கின் காம்ஃபே சகோதரர்கள் 1880இல் காப்புரிமை வாங்கியது. அதுவும் ஒற்றைக் கூர்தான். ஜில்லெட்டுக்கு இரண்டு தலைமுறை மூத்தது என்று சொல்ல ஆசை, ஆனால் 20 ஆண்டு சொச்சம்தான் மூத்தது!

ஜில்லெட் ரேசர் விற்பனைக்கு வந்த முதல் வருஷம் 1903. மொத்தம் எத்தனை விற்றது? 51! பிளேடு? 168! இன்றைய பெட்டிக்கடைக்காரர்கூடச் சிரிப்பார்.

அடுத்த வருஷம்? 90,000 ரேசர்! மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அதன் விலை 5 டாலர். தொழிலாளியின் பாதி வாரக் கூலி! ஆக, ஜில்லெட்டும் பிறக்கும்போது பணக்காரப் பிள்ளைதான். முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு 35 லட்சம் ரேசர் வாங்கிச் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. வீடு திரும்பிய ஒவ்வொருவரும் ஆயுள் சந்தா!

ஜேக்கப் ஷிக் ராணுவ அதிகாரி. துப்பாக்கியில் தோட்டா மாற்றுவதைப் பார்த்தே, கைப்பிடிக்குள் பிளேடுகளை அடுக்கிவைத்து ஒவ்வொன்றாகத் தள்ளும் ரேசரை 1926இல் கொண்டுவந்தார். அதுவும் ஒற்றைக் கூர். தினமும் முறையாக ஷேவ் செய்தால் 120 வயது வாழலாம் என்று நம்பினாராம் மனிதர். அவர் இறந்தபோது வயது 59!

அமெரிக்காவின் 'தி ஆனியன்' நையாண்டிப் பத்திரிகை, ஐந்து பிளேடு ரேசர் வரப்போகிறது என்று 2004இல் கிண்டலாக எழுதியது. ஊரே சிரித்தது. 2006இல் ஜில்லெட் ஃப்யூஷன் கடைக்கு வந்தது. பிளேடு எத்தனை? அச்சு அசலாக ஐந்து!

ஓடிவிடாதீர்கள், நானும் பிளேடு போடவில்லை. நல்ல சரக்கு இனிமேல்தான்!

எஃகு பிளேடை மழுங்கடிப்பது எது? தாடி மயிர்! பிளேடை விட 50 மடங்கு மென்மையான மயிர், எஃகையே சில்லு சில்லாகப் பெயர்க்கிறது. கண்டுபிடித்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள். 2020இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது!

அதற்கு அவர்கள் செய்த வேலையைக் கேளுங்கள். ஜியான்லூகா ரோஸ்சியோலி என்ற ஆய்வு மாணவர் தானே ஷேவ் செய்துகொண்டு, ஒவ்வொரு தடவையும் பிளேடை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். போதவில்லை. நுண்ணோக்கிக்கு உள்ளேயே மயிர் வெட்டும் ஒரு குட்டி இயந்திரத்தைச் செய்து வைத்தார். எஃகில் கெட்டியான இடமும் இளகலான இடமும் சந்திக்கும் எல்லையில், மயிர் சாய்வாக மோதினால் போதும், சில்லு பெயர்கிறது. ஒரே ஒரு மயிர் போதும்!

ஆக, பிளேடு தேய்ந்து மழுங்குகிறது என்று நாம் நம்பியதெல்லாம் பாதிக் கதை. கைப்பிடி எத்தனை ஆயிரம் ரூபாயானாலும் இந்தச் சில்லு பெயர்வதை அது தடுக்காது!

இப்போது நம் நாட்டுக் கதை. எனக்கு மிகவும் பிடித்தது. 2002இல் இந்தியாவுக்கென்று 'வெக்டர்' ரேசரை ஜில்லெட் மாற்றி அமைத்தது. சிக்கிய முடியைத் தள்ள ஒரு சின்னப் பட்டை வைத்தார்கள். யாரிடம் சோதித்தார்கள்? அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம்! எல்லோரும் அருமை என்றார்கள். இந்தியாவுக்கு வந்தது. முடி அடைத்துக்கொண்டு நின்றது!

ஏன்? அங்கே குழாயைத் திறந்தால் கொட்டும் தண்ணீர். இங்கே ஒரு குவளைத் தண்ணீரில் மொத்த ஷேவிங்கும் முடிய வேண்டும். கோடிகள் கொட்டிய கம்பெனிக்கு ஒரு குவளை பாடம் எடுத்தது!

அடுத்த தடவை உஷார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் வீடு தேடிப் போய், 3,000 மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். தரையில் உட்கார்ந்து, மங்கிய வெளிச்சத்தில், கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஷேவ் செய்கிறார்கள். அமெரிக்காவில் ஐந்தாறு நிமிஷத்தில் முடிகிற வேலை, இங்கே அரை மணி வரை இழுக்கிறது! இவர்கள் வழவழப்பைக் கேட்கவில்லை. ரத்தம் வராமல் இருந்தால் போதும் என்றார்கள்!

பிறந்தது ஜில்லெட் கார்டு. 2010இல். ஒரே ஒரு பிளேடு. வெக்டரில் 25 பாகம், இதில் வெறும் 4! அலசினால் முடி சட்டென்று வெளியேறும். தோல் வெட்டுப்படாமல் இருக்க முன்னால் சீப்பு. ஆணியில் மாட்ட அடியில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்கே நான் அரை மார்க் கூடப் போடுவேன்!

அன்றைய விலை 15 ரூபாய். மாற்றுப் பிளேடு 5 ரூபாய். மூன்றே ஆண்டில் இந்தியாவில் விற்ற மூன்று ரேசரில் இரண்டு இதுவாக இருந்தது!

உலகமே இரண்டு, மூன்று, ஐந்து என்று பிளேடைக் கூட்டிக்கொண்டே போன காலம் அது. விலை உச்சியில் இருந்த 399 டாலர் ரேசரும் ஒற்றை பிளேடு. அடிமட்டத்தில் இருந்த 15 ரூபாய் ரேசரும் ஒற்றை பிளேடு!

இரண்டில் எது வழவழப்பு என்று என்னைக் கேட்டால், ஸ்டீல் ரேசர்தான். கனமான தலை தன் எடையிலேயே இறங்கும், அழுத்தவே வேண்டாம். பேரனுக்குக்கூடக் கொடுக்கலாம், துருப்பிடிக்காது. ஆனால் அது வழவழப்புக்கான விலை மட்டுமல்ல, கையில் பிடிக்கும் சுகத்துக்கும் சேர்த்து. சுகத்துக்கு எம்.ஆர்.பி. கிடையாது! இன்னொன்று, விலையுயர்ந்த ரேசர் வாங்குகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது அதன் பிளேடு நாளைக்கும் கிடைக்குமா என்பதை. ஒரே கம்பெனி செய்யும் பிளேடு நின்றால், ஸ்டீல் ரேசர் வெறும் பேப்பர் வெயிட்! இரட்டைக் கூர் பிளேடுக்கோ அந்தப் பயமே இல்லை. நூறு வருஷ ரேசரிலும் இன்றைய டோபாஸ் கச்சிதமாக உட்காரும்!

முகத்தைத் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் நனைத்துவிட்டு ஷேவ் செய்யுங்கள். மயிர் ஊறி இளகிவிடும். எந்த ரேசரும் ஒரு படி நன்றாக வெட்டும். செலவு? பூஜ்யம்!

கடைசியாக ஒரு கணக்கு. அந்த 25,000 ரூபாய்க்கு அன்றைய 5 ரூபாய் பிளேடாகவே வாங்கியிருந்தால் 5,000 பிளேடு. வாரத்துக்கு ஒன்று என்று வையுங்கள். எத்தனை நாளுக்கு வரும்? 96 ஆண்டு!