தரைக்கும் காருக்கும் நடுவே 8 சென்டிமீட்டர்

கார் தாழ்வாக இருந்தால் அழகுதான், பஞ்சர் ஆகிற வரைக்கும்.

நம் ஊர்ச் சாதாரணக் கார்களுக்கும் தரைக்கும் நடுவே ஏறக்குறைய 170 மி.மீ. இடைவெளி இருக்கும். ஸ்பிரிங்கை மாற்றி 40 மி.மீ. இறக்கினால் மிச்சம் 130. இதில் டயரும் பட்டையானால்? 195/45 என்று எழுதிய டயரின் பக்கச் சுவர், 195-இல் 45 சதவீதம், அதாவது 88 மி.மீ. உயரம். காற்று முழுக்கப் போனால் அந்த மூலை இன்னும் 50, 60 மி.மீ. அமர்ந்துவிடும். ஒர்க் ஷாப்பில் உருண்டுகொண்டிருக்கும் வழக்கமான டிராலி ஜாக்கியோ, முழுக்க இறக்கிய பிறகும் 130 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல் நிற்கும். எட்டி உதைத்தாலும் உள்ளே போகாது.

(சாலையில் ஓடும் காரை இப்படி இறக்கலாமா என்பது வேறு விஷயம். தயாரிப்பாளர் தந்த மூல அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் பந்தயத் தடங்களில் ஓடும் வண்டிகளுக்கு அந்தக் கவலை இல்லை.)

இப்படித் தாழ்ந்த கார்களுக்கென்றே வருவதுதான் லோ புரொஃபைல் ஜாக்கி. தலையின் உயரம் 75 முதல் 90 மி.மீ.க்குள் அடங்கும். கடையில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை டன் தூக்கும்?’ என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

ஏன் என்று பார்க்கலாம்: ஜாக்கிக்குள் நடப்பது பாஸ்கல் விதி. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று சொல்லும் பாஸ்கலின் நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1663-இல்தான் அச்சானது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பம்ப் பிஸ்டனின் விட்டம் 10 மி.மீ., தூக்கும் பிஸ்டன் 40 மி.மீ. என்றால் பரப்பளவில் 16 மடங்கு. கைப்பிடியின் நெம்புகோல் விகிதம் 20 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 320. கையால் 20 கிலோ விசை கொடுத்தால் பெரிய பிஸ்டனில் 6,400 கிலோ விசை பிறக்கும். எண்ணெயின் அழுத்தம் அப்போது சதுர சென்டிமீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல இருநூறு மடங்குக்கும் மேல்!

ஆனால் அந்த 6,400 முழுசாகக் காருக்குப் போய்ச் சேராது. டிராலி ஜாக்கியில் பிஸ்டன் படுத்துக் கிடக்கிறது. அது தள்ளுவது தூக்குகையின் அடியில் உள்ள குட்டையான முனையை. கார் உட்கார்ந்திருப்பதோ அதே கையின் நீண்ட மறுமுனையில். ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சினால் 1,280 கிலோ.

தாழ்ந்த ஜாக்கியின் சங்கடம் இங்கேதான். தூக்குகை தரையோடு கிடையாகப் படுத்திருக்கும்போதுதான் காரின் பாரம் கை சுழலும் அச்சிலிருந்து மிக எட்டத்தில் இருக்கிறது. கை மேலே எழ எழ அந்தத் தூரம் சுருங்கும். ஆக, முதல் இரண்டு அங்குலம்தான் ஜாக்கிக்கு உயிர் போகிற வேலை. லோ புரொஃபைல் ஜாக்கி தொடங்குவதே அந்த நிலையில். போதாததற்கு, உடம்பை மெலிதாக்க வேண்டியிருப்பதால் உலோகத்தின் உயரமும் குறைகிறது. ஒரு சட்டத்தின் வளையாத வலு அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: உயரம் பாதியானால் வலு கால்வாசி. அதை ஈடுகட்ட அகலமான கையும் தடித்த பக்கத் தகடும் வேண்டும். நல்ல தாழ்ஜாக்கி நீளமாகவும் கனமாகவும் இருப்பது இதனால்தான். எளிதாகத் தூக்கிப் போக அலுமினிய ஜாக்கி உண்டு. ஆனால் எஃகின் மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள அலுமினியத்துக்கு விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். பந்தயத்துக்கு எடுத்துப் போகிறவருக்கு அது சரி. வீட்டு ஷெட்டில் கிடக்கப் போகிற ஜாக்கிக்கு எஃகே என் ஓட்டு.

ஜாக்கியில் சக்கரம் இருப்பது இழுத்து நகர்த்துவதற்கு மட்டும் அல்ல. தூக்குகை வில்லாக மேலெழுவதால் தலை பின்னோக்கி நகரும். ஜாக்கி அதற்கேற்பக் காருக்கு அடியில் தானே உருள வேண்டும். மண் தரையில் சக்கரம் புதைந்து உருளாமல் போனால், தலைதான் காரின் விளிம்பிலிருந்து வழுக்கும். சமதளமான கான்கிரீட், எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, தலையில் பள்ளம் வெட்டிய ரப்பர் பேட் ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

இனி எண்ணெய் கசியாமல் காக்கும் சீல். பாஸ்கலின் விதியை நீர் அழுத்த எந்திரமாக்கி 1795-இல் காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்தின் பூட்டுக்காரர் ஜோசப் பிராமா. பிஸ்டன் ஓரமாகத் தண்ணீர் பீறிட்டு அவரைப் படாதபாடு படுத்தியது. அழுத்தம் ஏற ஏறத் தானாகவே இறுகும் தோல் வளையம் அதைத் தீர்த்தது. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேயின் யோசனை அது என்பார்கள். தோல் போய் ரப்பர் வந்தாலும், இன்றும் காரைத் தாங்கி நிறுத்துவது விரல் தடிமன்கூட இல்லாத அந்த வளையம்தான். அது கிழிந்தால் கார் இறங்கும். அதனால் தூக்கியதும் காரின் பாரத்தைத் தாங்கும் ஸ்டாண்டில் நிறுத்தாமல் அடியில் தலையை நீட்டக் கூடாது. ஸ்டாண்டையும் பார்த்து வாங்க வேண்டும்: 2020-இல் அமெரிக்காவில் ஒரு கருவி விற்பனை நிறுவனம் சுமார் 17 லட்சம் ஸ்டாண்டுகளைத் திரும்ப அழைத்தது. பாரத்தில் பல் வழுக்கிச் சரியக்கூடும் என்பதே காரணம். பதிலுக்குக் கொடுத்தவற்றிலும் ஒரு பகுதி வெல்டிங் கோளாறால் திரும்ப வந்தது.

ஜாக்கி வாங்கும் முன் காற்று இறங்கிய நிலையில் காரின் அடி உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கடையில் தலையின் உயரத்தோடு நிற்காமல், தலைக்குப் பின்னால் ஓரடி தள்ளியும் டேப்பை வையுங்கள். பல ஜாக்கிகளில் மூக்கு 80 மி.மீ. இருக்கும், முதுகு அதைவிட மிக உயரமாக இருக்கும். உங்கள் கார் ஓரிரு விரல்கடைக்குத்தான் இடிக்கிறதென்றால் புது ஜாக்கியே வேண்டாம்: டயர் நன்றாக இருக்கும்போது தடித்த பலகை மேல் சக்கரத்தை ஏற்றினால் பழைய ஜாக்கியே நுழைந்துவிடும். எதை வாங்கினாலும் ஒரு ஜோடி ஸ்டாண்டையும் அதே பில்லில் சேர்த்து வாங்கி வாருங்கள்.