கச்சா எண்ணெயின் குலமும் குணமும்

திருவனந்தபுரத்தில், கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு செல்வது சாலைக் கடைத்தெரு. திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைத்த அங்காடி இது. மண்ணெண்ணெய் விளக்கே வீட்டு விளக்காக இருந்த நாட்களில், இத்தகைய அங்காடிகளில் எண்ணெய் வாங்கிய குடும்பங்கள் அனைத்தும் அறிந்திருந்த செய்தி ஒன்று உண்டு. ஒரு முறை வாங்கிய எண்ணெய் வெண்மையாகச் சுடர் விட்டு எரியும்; மறுமுறை வாங்கியதோ, அதே விளக்கில், அதே திரியில், சிம்னியைக் கரியாக்கும். கலப்படம் என்று கடைக்காரரை ஐயுறுவது வழக்கம். ஆனால் குற்றம் எப்போதும் கடையில் இருப்பதில்லை. நிலத்தடியில் தோன்றிய எண்ணெயின் குலத்திலேயே அது இருத்தல் கூடும்.

கச்சா எண்ணெய் என்பது ஒரு தனிப்பொருளன்று; எண்ணற்ற பொருள்களின் கலவை. ஆயினும் அதன் தனிமங்களின் அளவு மிகுதியாக மாறுவதில்லை. எடையில் நூற்றுக்கு 83 முதல் 87 பங்கு வரை கார்பன். 10 முதல் 14 பங்கு வரை ஹைட்ரஜன். எஞ்சியவை கந்தகம், நைட்ரஜன், ஆக்ஸிஜன், சிறிதளவு உலோகங்கள். இவ்வாறு தனிமங்கள் ஏறத்தாழ ஒத்திருக்க, ஓர் எண்ணெய் தெளிந்த நீர் போலவும், மற்றொன்று கீல் போலவும் இருப்பது ஏன்? கார்பனும் ஹைட்ரஜனும் எவ்வளவு உள்ளன என்பதைவிட, அவை எவ்வாறு இணைந்துள்ளன என்பதே இதற்குக் காரணம். இவ்விரண்டும் மட்டும் சேர்ந்த சேர்மங்களுக்கு ஹைட்ரோகார்பன்கள் என்று பெயர்.

மூன்று குடும்பங்கள்

கச்சா எண்ணெயில் உள்ள ஹைட்ரோகார்பன்கள் பெரும்பாலும் மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவை. ஆறு கார்பன் அணுக்களைக் கொண்ட மூன்று சேர்மங்களை எடுத்துக்கொண்டால் வேற்றுமை விளங்கும்.

முதலாவது ஹெக்ஸேன். இதில் ஆறு கார்பன் அணுக்களும் ஒரு சங்கிலி போல் கோத்து நிற்கின்றன. அவற்றோடு 14 ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்துள்ளன. இது பாரபின் குடும்பம். இரண்டாவது சைக்ளோஹெக்ஸேன். சங்கிலியின் இரு முனைகளும் கூடி வளையமாகிவிட்டன. ஹைட்ரஜன் அணுக்கள் 12. இது நாப்தீன் குடும்பம். மூன்றாவது பென்ஸீன். இதுவும் ஆறணு வளையமே. ஆனால் ஹைட்ரஜன் அணுக்கள் ஆறு மட்டுமே. இது அரோமாட்டிக் குடும்பம்.

இம்மூன்றின் கொதிநிலைகளும் அதிகம் வேறுபடவில்லை. ஹெக்ஸேன் 69 டிகிரி சென்டிகிரேடிலும், பென்ஸீன் 80 டிகிரியிலும், சைக்ளோஹெக்ஸேன் 81 டிகிரியிலும் கொதிக்கின்றன. ஆனால் ஒப்படர்த்தியோ முறையே 0.66, 0.88, 0.78 என விலகி நிற்கிறது. ஏறத்தாழ ஒரே உஷ்ணநிலையில் கொதிக்கும் திரவங்களுள், இலேசானது பாரபின், கனத்தது அரோமாட்டிக், இடைப்பட்டது நாப்தீன். எண்ணெயை வகைப்படுத்தும் பழைய முறைகள் பெரும்பாலும் இந்த எளிய உண்மையின்மேல் கட்டப்பட்டவையே.

குடும்பத்திற்கேற்பக் குணமும் மாறும். நீண்ட சங்கிலிப் பாரபின்கள் குளிரில் உறைந்து மெழுகாகப் படியும். மெழுகுவர்த்தி இவற்றால் ஆனது. பாரபின் மிகுந்த மண்ணெண்ணெய் புகையின்றி எரியும். நாப்தீன் மிகுந்த எண்ணெய் மிகுந்த குளிரிலும் உறையாது ஓடும். அரோமாட்டிக் சேர்மங்கள் பெட்ரோலின் தரத்தை உயர்த்தும். ஆனால் ஹைட்ரஜன் குறைந்தும் கார்பன் மிகுந்தும் உள்ளமையால், விளக்கில் எரியும்போது முற்றும் எரியாத கார்பன் புகைக்கரியாக வெளிப்படும். இவற்றோடு, பல வளையங்கள் பிணைந்த கரிய அஸ்பால்ட் பொருள்களும் கன எண்ணெய்களில் மிகுந்திருக்கும்; சாலைகளுக்குப் பயன்படும் தார் இவ்வடிமண்டியிலிருந்து கிடைப்பது.

இரு பகுதிகளைக் கொண்டு அளத்தல்

கச்சா எண்ணெயைப் பாரபின் அடிப்படையுடையது, நாப்தீன் அல்லது அஸ்பால்ட் அடிப்படையுடையது, கலப்பு அடிப்படையுடையது எனப் பிரிப்பது நெடுநாளைய வழக்கம். இதனை அளவைக்கு உட்படுத்தியவர்கள் அமெரிக்கச் சுரங்கத் துறையின் லேன், கார்ட்டன் ஆகிய இருவர். 1935-இல் அவர்கள் வெளியிட்ட முறைப்படி, எண்ணெயை வடித்து இரண்டு பகுதிகள் மட்டும் தனியே எடுக்கப்படும். முதற்பகுதி, சாதாரண வளி அழுத்தத்தில் 250 முதல் 275 டிகிரி வரை வடிவது. இரண்டாவது, அழுத்தத்தை 40 மில்லிமீட்டர் பாதரசத்திற்குக் குறைத்து, 275 முதல் 300 டிகிரி வரை வடிப்பது.

முதற்பகுதியின் ஒப்படர்த்தி 0.825-க்கு மேற்படாவிடில் அது பாரபின் சார்புடையது, 0.860-க்குக் குறையாவிடில் நாப்தீன் சார்புடையது, இடைப்பட்டது கலப்பு. இரண்டாம் பகுதிக்கு இவ்வெல்லைகள் 0.876, 0.934 ஆகும். ஒரே எண்ணெயின் இலேசான பகுதி ஒரு சார்பும், கனத்த பகுதி மற்றொரு சார்பும் கொண்டிருக்கலாம் என்பதால், இரண்டையும் சேர்த்து ஒன்பது வகைகள் பிறக்கின்றன. இரண்டாம் பகுதியைக் குளிர்விக்கும்போது மேகம் போல் கலங்கும் உஷ்ணநிலையைக் கொண்டு, எண்ணெயில் மெழுகு உண்டா இல்லையா என்பதும் குறிக்கப்படும்.

பாரத நாட்டின் எண்ணெய்கள்

இவ்வகைப்பாடு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் ஏட்டறிவன்று. டிக்பாயில் 1901 முதல் சுத்திகரிப்பு ஆலை இயங்கி வந்த அஸ்ஸாமில், 1953-இல் நஹர்கட்டியாவில் புதிய எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அதனைக் கௌஹாத்தி வழியாகப் பீகாரிலுள்ள பரௌனிக்குக் கொண்டு செல்ல 1,157 கிலோமீட்டர் நீளக் குழாய் வேண்டியிருந்தது. எண்ணெயோ மெழுகு மிகுந்தது. ஏறத்தாழ 30 டிகிரியிலேயே ஓட்டம் இழப்பது. அஸ்ஸாமின் குளிர்கால உஷ்ணநிலை இதற்கு மிகவும் தாழ்ந்தது. இடையில் ஓட்டம் நின்றால் குழாய் முழுவதும் இறுகிவிடும். எனவே எண்ணெயை முதலில் சூடாக்கி, பின் அளவான வேகத்தில் குளிர்வித்து, மெழுகுப் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாதபடி பக்குவம் செய்தனர். குழாய் 1962-இல் கௌஹாத்தி வரையும், 1964-இல் பரௌனி வரையும் இயங்கத் தொடங்கியது.

அஸ்ஸாம் எண்ணெய் மற்றொரு பாடமும் கற்பித்தது. மெழுகு மிகுந்த எண்ணெயெல்லாம் புகையற்ற மண்ணெண்ணெய் தரும் என்று கருதுவது இயல்பு. அஸ்ஸாம் எண்ணெயின் கனத்த பகுதியில் மெழுகு மிகுதி; ஆனால் மண்ணெண்ணெய்ப் பகுதியில் அரோமாட்டிக் சேர்மங்கள் மிகுதி. அதனை அப்படியே விளக்கிலிட்டால் புகையும். இக்குறையை நீக்க, ருமேனிய இரசாயன அறிஞர் எடலியானு 1908-இல் கண்ட முறை உதவிற்று. திரவமாக்கிய கந்தக டை ஆக்ஸைடு, அரோமாட்டிக் சேர்மங்களைக் கரைத்துக்கொண்டு பாரபின்களை விட்டுவிடும். குலம் அறிந்தபின்னரே மருந்து அமைந்தது.

ராஜஸ்தானத்தில் 2004-இல் கண்டறியப்பட்ட மங்களா எண்ணெய் மெழுகு மிகுதியின் உச்சநிலை எனலாம். 40 டிகிரி அளவிலேயே அது இறுகிவிடும். ஆகவே 2009-இல் உற்பத்தி தொடங்கியபின், குஜராத் வரை ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நீளத்திற்கு, வெப்பம் வெளியேறாதபடி உறையிட்டு, வழி நெடுகச் சூடேற்றப்படும் குழாய் அமைக்கப்பட்டது. வட குஜராத்தின் பலோல், சந்தால் வயல்களில் நிலைமை வேறு. அங்குள்ளது அஸ்பால்ட் பொருள்கள் மிகுந்த கன எண்ணெய். கிணற்றை நோக்கி எளிதில் நகராது. நிலத்தடியில் காற்றைச் செலுத்தி, எண்ணெயின் ஒரு பகுதியை அங்கேயே எரித்து, அவ்வெப்பத்தால் எஞ்சியதை இளக்கி வெளிக்கொணரும் முறை அங்குக் கையாளப்பட்டது.

சுத்திகரிப்பு ஆலைகளும் ஒரு குறிப்பிட்ட எண்ணெயை மனத்திற் கொண்டே வரையப்படுகின்றன. 1966-இல் கொச்சிக்கு அருகே அம்பலமுகளிலும், 1969-இல் சென்னையை அடுத்த மணலியிலும் ஆலைகள் இறக்குமதி எண்ணெயைக் கொண்டு தொடங்கின. உயவு எண்ணெயும் தயாரிக்க வேண்டிய மணலி ஆலை, ஈரானின் டேரியஸ் எண்ணெயை ஆதாரமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. ஊற்று மாறினால் மெழுகு நீக்கும் பகுதிக்குச் சுமை கூடலாம், தார் குறையலாம். ஆதலின் புதிய எண்ணெய் எதுவும் முழுச் சோதனைக்குப் பின்னரே ஆலைக்குள் விடப்படுகிறது.

புதிய வகைப்பாடு

ஒப்படர்த்தியை மட்டும் நம்பும் முறைக்கு ஒரு குறை உண்டு. நாப்தீன் மிகுதியால் கனத்ததையும், அரோமாட்டிக் மிகுதியால் கனத்ததையும் அது தெளிவாகப் பிரித்துக் காட்டாது. குரோமாட்டோகிராபி முறைகள் வளர்ந்தபின் ஒவ்வொரு குடும்பத்தையும் நேரே அளக்க இயன்றது. அதனை அடிப்படையாகக் கொண்டு டிஸ்ஸோ, வெல்ட்டே என்னும் இருவரும் 1978-இல் ஆறு வகைகளை வகுத்தனர். பாரபின், நாப்தீன், பாரபின்–நாப்தீன் என்பன மூன்று. அரோமாட்டிக் இடைநிலை, அரோமாட்டிக்–நாப்தீன், அரோமாட்டிக்–அஸ்பால்ட் என்பன மற்ற மூன்று. நிலத்தடியில் பாக்டீரியாக்கள் முதலில் சங்கிலிப் பாரபின்களையே உண்பதால், அவற்றால் தாக்குண்ட எண்ணெய் நாப்தீன், அஸ்பால்ட் பக்கம் சாய்கிறது. எனவே ஓர் எண்ணெயின் வகை அதன் பயனை மட்டுமன்றி, அதன் பூர்வ சரித்திரத்தையும் உரைக்கிறது.

ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும்

இக்கருத்தை வகுப்பில் விளக்க அரிய கருவிகள் வேண்டுவதில்லை. ஒரு மெழுகுவர்த்திச் சுடருக்கும், சிறிய சூடத்துண்டின் சுடருக்கும் மேலே வெண்பீங்கான் தட்டை ஆசிரியர் சிறிது நேரம் பிடித்துக் காட்டலாம். மெழுகில் 10 கார்பன் அணுக்களுக்கு ஏறத்தாழ 21 ஹைட்ரஜன் அணுக்கள், சூடத்தில் 16. சூடம் கச்சா எண்ணெயிலிருந்து வருவதன்று. அதற்குத் திரியும் இல்லை. எனினும் ஹைட்ரஜன் குறையக் கரி மிகும் என்பதை மாணவர் கண்ணாரக் காண்பர்.

களப்பணியாளர் எண்ணெய் மாதிரி எடுக்கையில் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. பாத்திரத்தை உடனே இறுக மூடாவிடில் இலேசான பகுதிகள் ஆவியாகி, எண்ணெய் உள்ளதைவிடக் கனத்ததாகத் தோன்றும். மெழுகு எண்ணெயை முறைப்படி இளஞ்சூடாக்கிக் கலக்காமல் மேலாக முகந்தால், அடியில் படிந்த மெழுகு கணக்கில் வராது. நிறத்தையும் மணத்தையும் கொண்டு எண்ணெயை மதிப்பிடுவதும் ஏமாற்றத்தில் முடியும். மாதிரி பிழைத்தால் வகை பிழைக்கும். வகை பிழைத்தால் குழாயும் ஆலையும் அப்பிழையின் விலையைச் செலுத்த நேரும்.