சாவ் கார்லோஸில் குடியேறப் போகும் நண்பருக்கு

பிரேசிலுக்கு மேற்படிப்புக்குப் போக இருக்கும் நம் சங்க நண்பர் ஒருவர் சென்ற வாரம் மெஸ்ஸில் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஊரில் சோறு கிடைக்குமா?" என்பதுதான் அவருடைய முதற் கேள்வி. கிடைக்கும், தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அவர் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. அதற்கு விடை சொல்லவே இக்கட்டுரை.

நான் 2024 பிப்ரவரியில் போய் இறங்கி ஓராண்டு வசித்த ஊர் சாவ் கார்லோஸ். சாவ் பாலோ பெருநகரிலிருந்து ஏறக்குறைய 230 கிலோமீட்டர் உள்ளே தள்ளி, மேட்டு நிலத்தில் இருக்கிறது. 1857இல் தோன்றிய ஊர். காப்பித் தோட்டங்களாலும் இத்தாலியக் குடியேறிகளாலும் வளர்ந்தது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல். இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் உள்ளமையால் எங்கே திரும்பினாலும் மாணவர் கூட்டந்தான். தெருக்கள் ஏறி இறங்கும். நடந்தால் கெண்டைக்கால் இறுகிவிடும். வண்டிகள் வலப்பக்கமாகப் போவதால், சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள். நம் பழக்கத்தில் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே இறங்கி இரண்டு முறை திட்டு வாங்கினேன். திட்டு புரியாததால் மனம் புண்படவில்லை.

முதல் வேலை, 'சி.பி.எஃப்.' எனப்படும் பதினோர் இலக்க எண் வாங்குவது. கைப்பேசிச் சிம் வாங்க, பாங்கிக் கணக்குத் திறக்க, சில சமயம் மருந்துக்கடையில் தள்ளுபடி பெறக்கூட அதைக் கேட்பார்கள். இந்தியாவிலிருந்தே விண்ணப்பிக்கலாம். மாணவர் விசாவில் போகிறவர் இறங்கிய தொண்ணூறு நாட்களுக்குள் கூட்டாட்சிப் போலீசில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கணக்குத் திறந்துவிட்டால் 'பிக்ஸ்' வரும். அது நம்முடைய யு.பி.ஐ.யின் தம்பி; 2020 நவம்பரில் பிறந்தது. இளநீர்க்காரரும் அதில்தான் காசு வாங்குகிறார்.

தனி வீடு வாடகைக்கு எடுப்பது புதியவருக்குக் கடினம். சொத்துள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்பார்கள். ஆகையால் மாணவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு 'ரெபூப்ளிகா' என்று பெயர். குடியரசு என்றே பொருள்! எங்கள் குடியரசில் பாத்திரம் கழுவும் முறை பற்றி மட்டும் கடைசி வரை அரசியல் சாசனம் எழுதி முடியவில்லை.

மின்சாரம் பற்றி ஓர் எச்சரிக்கை. அம்மாநிலத்து வீடுகளில் சாதாரணப் பிளக்கில் பெரும்பாலும் 127 வோல்ட்தான். அம்மா கட்டிக் கொடுத்த மிக்ஸி அங்கே சட்னி அரைக்கவில்லை, முனகியது. குளியலறையில் வெந்நீர் போடும் கருவி, நீர் கொட்டும் பூவாளியின் தலைக்குள்ளேயே இருக்கும். சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் நீரை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

இனிச் சோற்றுக்கு வருவோம். அன்றாடச் சாப்பாடு அரிசிச் சோறும் பயறும். சோற்றைப் பூண்டும் எண்ணெயும் உப்பும் சேர்த்தே வடிப்பார்கள். பயறு பழுப்பு நிறம், குழம்பாக வரும். காரம் கிடையாது. சைவர்கள் பயற்றில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டே உண்ண வேண்டும். எடை போட்டு விற்கும் ஓட்டல்கள் ஏராளம்: வேண்டியதைத் தட்டில் எடுத்துக்கொண்டு தராசில் வைத்தால் கிராமுக்கு இவ்வளவு என்று விலை. வாரச் சந்தையில் கொய்யா, பப்பாளி, மரவள்ளிக்கிழங்கு குவிந்திருக்கும். நம் ஊர் மரவள்ளிக்கும் முந்திரிக்கும் பூர்வீகம் அந்தப் பக்கந்தான். கண் முன்னே பிழிந்து தரும் கரும்புச்சாறும், பொரித்த மாவுப் பண்டமான 'பஸ்தெலு'ம் சந்தையின் சுகங்கள்.

இத்தனை வசதியிருந்தும் ஏப்ரலில் நான் கலங்கிப்போனேன். அவ்வாண்டு பிரேசில் முழுவதும் டெங்குக் காய்ச்சல். அறுபது லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கண்டிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். எனக்கும் கண்டது. அரசு மருத்துவ நிலையத்துக்குப் போனேன். அங்கே அந்நிய நாட்டாருக்கும் வைத்தியம் இலவசம். 1988ஆம் ஆண்டு அரசியல் சட்டம் எல்லாருக்கும் வழங்கிய உரிமை அது. நர்ஸம்மாள் கனிவாக, "ஓந்தி தோய்?" என்றார். நான் புன்னகையுடன் "சிம்" என்றேன். அவர் கேட்டது "எங்கே வலிக்கிறது?" நான் சொன்ன பதில் "ஆமாம்". மூன்று முறை இப்படியே நடந்தது. கண்ணுக்குப் பின்னால் வலி உயிர் போகிறது. சொல்ல ஒரு சொல் இல்லை. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகளும் பேராசிரியரும் ஆங்கிலத்தில் இருந்ததால், போர்த்துக்கீசியம் பிறகு படிக்கலாம் என்று தள்ளிப்போட்டதன் பலன்! பஸ் ஓட்டுநர், கடைக்காரர், வீட்டுக்காரம்மாள், மருத்துவ நிலையத்தார் யாரும் ஆங்கிலம் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லையே. கடைசியில் அறைத்தோழன் ஓடிவந்து மொழிபெயர்த்தான். தினமும் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஆஸ்பிரின் கூடாது, நிறைய நீர் குடி என்று அனுப்பினார்கள். பத்து நாளில் எழுந்தேன்.

படுத்திருந்த நாட்களில்தான் காது திறந்தது. வீட்டுக்காரம்மாள் கஞ்சி கொண்டுவந்தபோது 'ஷாவி' எங்கே என்று தேடினார். சாவி! பிறகு 'ஜனேலா'வைத் திறக்கச் சொன்னார், ஜன்னல். 'மேஸா' மேசை, 'அர்மாரியு' அலமாரி, 'வரண்டா' வராந்தா. நாலைந்து நூற்றாண்டுகளுக்கு முன் நம் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொற்கள். பாதி வீட்டுச் சாமான்களின் பெயர் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. இரண்டு மாதம் வீணாக ஊமையாயிருந்திருக்கிறேன்.

ஆகவே நண்பர் இங்கிருந்து புறப்படும் முன்பே மூன்று மாதமாவது போர்த்துக்கீசியம் படிக்கட்டும். 'தோர்' என்றால் வலி, 'ஃபெப்ரி' என்றால் காய்ச்சல். இந்த இரண்டையும் முதல் நாளே மனப்பாடம் செய்யட்டும். மிக்ஸியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். பருப்புப்பொடி மட்டும் இரண்டு பொட்டலம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். அந்தக் குடியரசில் அதற்கு நல்ல மதிப்பு.