கரையே பகை

காற்றின் வழியே – 9

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா, வரைபடத்தில் ஒரு முருங்கைக்காய் போலத் தெற்கே தொங்கிக்கொண்டிருக்கும். நீளம் சுமார் 1,200 கிலோமீட்டர். மேற்கே பசிபிக், கிழக்கே கோர்த்தெஸ் கடல். காயின் நுனியில் காபோ சான் லூகாஸ். பாலைநிலத்தை ஒட்டி வெதுவெதுப்பான தெளிந்த நீர். நாள்கணக்கில் நங்கூரம் போட்டுக் கிடக்க ஏராளமான சிறு விரிகுடாக்கள். பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

பஞ்சாங்கம் வேண்டும். கிழக்குப் பசிபிக்கில் புயல் பருவம் மே 15-இல் தொடங்கி நவம்பர் 30-இல் முடிகிறது. அங்கே பிறக்கும் புயல்களில் பெரும்பாலானவை மேற்கே போய்க் குளிர்ந்த நீரில் அடங்கிவிடும். சில மட்டும் வடக்கே திரும்பி அந்த நுனியில் மோதும், 2014 செப்டம்பரில் ஒடீல் மோதியதுபோல. அதனால் ஒரு சாரார் பருவம் அடங்கும் வரை அமெரிக்காவின் சான் டியேகோவைத் தாண்டுவதில்லை. கோடையிலும் இங்கேயே இருப்பவர்கள் கோர்த்தெஸ் கடலின் வடபகுதிக்கு ஏறிவிடுவார்கள். அல்லது லொரேத்தோவுக்குத் தெற்கே, மலைகள் சூழ்ந்த புவேர்த்தோ எஸ்கொந்திதோவுக்குள் புகுந்துகொள்வார்கள். ‘ஒளிந்த துறைமுகம்’ என்பதே அந்தப் பெயரின் பொருள்.

ஏன் இவ்வளவு முன்னேற்பாடு? கணக்கு அப்படி. நடுத்தரமான பாய்மரப் படகு மணிக்கு 5, 6 கடல் மைல் போகும். புயலின் மையமோ 10, 12 கடல் மைல் என நகரும். அதோடு ஓட்டப்பந்தயம் வைக்க முடியாது. அதன் பாதையைவிட்டு முன்பே விலகத்தான் முடியும். மாலுமிகள் இதற்கு 1-2-3 என்றொரு விதி வைத்திருக்கிறார்கள். புயல் நாளை எங்கே இருக்கும் என்று முன்னறிவிப்பு சொல்கிறதோ, அங்கே அதன் பலத்த காற்று எட்டும் எல்லையோடு இன்னும் 100 கடல் மைலைக் கூட்டிக்கொள். நாளை மறுநாளுக்கு 200. மூன்றாம் நாளுக்கு 300. அந்த வட்டத்துக்குள் போகாதே. முன்னறிவிப்பு தவறக்கூடும் என்பதையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது.

வானொலி இல்லாத காலத்தில் முதுகே கருவி. வட கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புயலின் மையம் ஏறக்குறைய இடக்கைப் பக்கம் இருக்கும். டச்சு வானிலையாளர் பைஸ் பாலட் 1857-இல் வெளியிட்ட விதி இது.

பஞ்சாங்கம், கணக்கு, முதுகு. மூன்றும் அறிந்த ஒருவரின் கதைக்கு வருவோம்.

பெர்னார் முவாத்தெசியே, வியட்நாமில் வளர்ந்த பிரெஞ்சுக்காரர். 1968-இல் எங்கும் கரை தொடாமல் தனியாக உலகைச் சுற்றும் போட்டியில் பிளிமத்திலிருந்து கிளம்பினார். ஹார்ன் முனையைக் கடந்து, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது மனம் மாறியது. போட்டியைத் துறக்கிறேன் என்ற செய்தியைக் கவணால் ஒரு கப்பலின் தளத்துக்கு எய்துவிட்டு, மறுபடி கிழக்கே திரும்பி தஹித்தி வரை போனார். பத்து மாதம் அவரைச் சுமந்தது ‘ஜாஷுவா’ என்ற எஃகுப் படகு. நீளம் 12 மீட்டர்தான்.

அந்த ஜாஷுவா 1982 டிசம்பர் 8 அன்று காபோ சான் லூகாஸில் நங்கூரம் போட்டிருந்தது. புயல் பருவம் முடிந்து எட்டு நாள். விரிகுடா முழுக்கப் படகுகள். குளிர்காலத்தில் அங்கே வீசுவது வடமேற்குக் காற்று. குன்றுகள் அதை மறைத்துக்கொள்ளும். கரைக்கு எவ்வளவு நெருங்கிக் கிடக்கிறோமோ அவ்வளவு சுகம். ஆனால் அந்த விரிகுடாவுக்குத் தென்கிழக்கே கதவு கிடையாது.

அன்றிரவு காற்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அதுவரை அரணாக இருந்த கரை, நொடியில் அம்மிக்கல் ஆனது. கட்டறுந்த படகு பக்கத்துப் படகில் மோத, அதுவும் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போக, விடிந்தபோது இருபதுக்கும் மேற்பட்ட படகுகள் மணலில் கிடந்தன. பாய்மரங்கள் ஒடிந்து, உள்ளே மணல் நிரம்பி, ஜாஷுவாவும் அவற்றில் ஒன்று. தென்கடலின் மலையலைகளால் முடியாததை, நீந்திப் போகும் தூரத்தில் இருந்த கடற்கரை செய்துவிட்டது.

நிலத்தில் வாழும் நமக்குப் புயல் என்றால் கரைக்கு ஓடத்தான் தோன்றும். படகின் நியாயம் வேறு. அலைக்கு மேல் மிதக்கத்தான் அதைக் கட்டினார்கள். ஆழமும் இடமும் இருந்தால் அது தாக்குப்பிடிக்கும். தரை தட்டினால் எஃகும் நெளியும். ஆகவே நங்கூரம் போடும் முன் ‘இங்கே அமைதியா?’ என்று கேட்டால் போதாது. ‘காற்று திரும்பினால் எந்தப் பக்கமாக வெளியேறுவோம், இருட்டிலும் முடியுமா?’ என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வி அறியாதவரல்ல முவாத்தெசியே. அமைதியான இடத்தில் அதைக் கேட்கத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

உதவ வந்த இளைஞர்களுக்குப் பெயரளவு விலைக்கு ஜாஷுவாவைக் கொடுத்துவிட்டு அவர் வேறு படகு தேடிப் போனார். அவர்கள் மணலை வாரிக் கொட்டி, நெளிவெடுத்து, அதை மிதக்கவிட்டார்கள். 1990-இல் பிரான்ஸின் லா ரொஷெல் கடல்சார் அருங்காட்சியகம் அதை வாங்கியது. கூடத்துக்குள் நிறுத்தி வைக்கவில்லை. நீரில்தான் கட்டியிருக்கிறார்கள், பாய் விரித்து ஓட்டவும் செய்கிறார்கள்.

அடுத்த வாரம்: நங்கூரம் எப்போது பிடிக்கும், எப்போது கைவிடும்?

(தொடரும்)