கதர் அங்கி மாணவர்

சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்கு வந்து நின்றார் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு முகம் சுருங்கியது. கடைசியில் எம்.பி.பி.எஸ். கைநழுவி, ஒரு படி கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனார். பகலில் ஹார்வர்டில் படிப்பு. இரவில் மருத்துவமனையில் பெட்பேன் கழுவும் வேலை.

பிறகு லெடர்லி ஆய்வகத்தில் வேலை. ஃபோலிக் அமிலத்தை அங்கே செயற்கையாகத் தயாரித்தது அவர் குழு. அந்த மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றியதும் அமினோப்டெரின் என்ற மருந்து பிறந்தது. அதைக் கொடுத்ததும், பாஸ்டனில் ரத்தப் புற்றுநோயால் வாடிய குழந்தைகள் சிலர், சில மாதங்களுக்காவது எழுந்து விளையாடினார்கள். கீமோதெரபியின் தொடக்க கால மைல்கல் அது.

யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடு வீடாகக் கொடுத்தார்களே, டி.இ.சி. மாத்திரை? அதுவும் அவர் குழுவின் கண்டுபிடிப்புதான்.

1948-ல், 53 வயதில் நியூயார்க்கில் காலமானார்.