கேட்பாரற்ற பை

மாவட்டச் செய்திப் பக்கங்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த வரி மனப்பாடமாகியிருக்கும்: ‘ரயில் பெட்டியில் கேட்பாரற்றுக் கிடந்த பையைச் சோதனையிட்டதில் கஞ்சா பொட்டலங்கள் இருந்தன.’ ஒரு நாள் காட்பாடி, இன்னொரு நாள் சேலம், அடுத்த வாரம் ஈரோடு. ஊர் மாறும், கிலோ மாறும். ‘கேட்பாரற்று’ என்ற சொல் மட்டும் மாறாது. அந்தப் பையை ஏற்றியது யார், எந்த ஊரில் யார் கைக்குப் போக இருந்தது, அதற்குப் பணம் போட்டவர் யார் என்ற கேள்விகளுக்கு மறுநாள் பேப்பரிலும் பதில் வருவதில்லை.

சரக்கு புறப்படும் இடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆந்திரத்தில் பாடேரு, சிந்தபள்ளி மலைகள். எல்லை தாண்டினால் ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட். காபியும் மிளகும் நன்றாக விளையும் பூமி. ஆனால் சாலையும் சந்தையும் சரியாகப் போய்ச் சேராத பழங்குடி ஊர்கள் அங்கே ஏராளம். வெளியூர் வியாபாரி விதையும் முன்பணமும் கொடுத்து, விளைந்ததை அந்த இடத்திலேயே எடுத்துக்கொள்கிறான். ‘ஷீலாவதி’ என்ற ரகத்துக்கு மவுசு அதிகம். மலையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கைமாறும் ஒரு கிலோ, நம் ஊர்த் தெருமுனையில் சின்னப் பொட்டலங்களாகப் பிரியும்போது பல மடங்காகிவிடுகிறது. இதில் ஒரு பகுதி நம் கடற்கரையிலிருந்து படகேறி இலங்கைக்கும் போகிறது. அங்கே அதற்குப் பெயர் ‘கேரள கஞ்சா’. விளைவது ஆந்திர, ஒடிசா மலைகளில், பழி கேரளத்துக்கு.

அந்த மலைகளுக்குக் கீழேதான் ஹவுரா–சென்னை ரயில் பாதை ஓடுகிறது. தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் போகும் வழியைப் பாருங்கள். கோராபுட்டுக்குப் பக்கத்து மாவட்டமான ராயகடாவைக் கடந்து, விஜயநகரம், விசாகப்பட்டினம், விஜயவாடா வழியாகச் சென்னையைத் தொட்டு, காட்பாடி, சேலம், ஈரோடு, திருப்பூர், பாலக்காடு என்று போகிறது. விளையும் இடத்தையும் விற்கும் இடங்களையும் ஒரே வண்டி கோத்துவிடுகிறது. காரில் வந்தால் சோதனைச்சாவடி உண்டு, வண்டி எண் உண்டு, பிடிபட்டால் காரும் போச்சு. முன்பதிவில்லாப் பெட்டிக்கு டிக்கெட் எடுக்கப் பெயர்கூடச் சொல்ல வேண்டாம்.

இப்படிச் சுமந்து வருபவரைச் சென்னைப் பக்கம் ‘குருவி’ என்பார்கள். தங்கம் கடத்துபவருக்கும் அதே பெயர்தான். விவரமான குருவி பையோடு உட்கார்வதில்லை. பை ஒரு பெட்டியில் சீட்டுக்கடியில் இருக்கும், ஆள் அடுத்த பெட்டியில் இருப்பார். சோதனை வந்தால் பையைக் கைவிட்டுக் கூட்டத்தோடு இறங்கிவிடுவார். நெடி வெளியே வராமல் பாலித்தீனில் பல சுற்றுச் சுற்றி, மேலே பிரவுன் டேப் ஒட்டி, நடுவில் மிளகாய்த்தூளோ காபித்தூளோ தூவியிருப்பார்கள். சென்ட்ரலில் ஸ்கேனரும் கேமராவும் இருக்கின்றன. அதனால் சிலர் சென்ட்ரல் வரை வருவதே இல்லை. முன்னதாகவே இறங்கி, கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயில் பிடித்துக் கூலி வேலைக்குப் போகிறவர்களோடு கலந்துவிடுகிறார்கள்.

இவர்களைப் பிடிக்க வேண்டிய காக்கிகள் இரண்டு வகை. ரயில்வே பாதுகாப்புப் படை, அதாவது ஆர்.பி.எஃப்., மத்திய அரசின் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருகிறது. இருப்புப்பாதை போலீஸ் மாநில அரசுடையது. நெடுங்காலம் ரயிலில் கஞ்சாவைக் கண்டால்கூட போதைப்பொருள் சட்டப்படி நேரடியாகச் செயல்படும் அதிகாரம் ஆர்.பி.எஃப்.புக்கு இல்லை. 2019இல்தான் உதவி சப்-இன்ஸ்பெக்டர் நிலையிலிருந்து மேலே உள்ளவர்களுக்குச் சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் கைது செய்யவும் அதிகாரம் வந்தது. ‘ஆபரேஷன் நார்கோஸ்’ என்ற பெயரில் இப்போது நாடு முழுக்க நடக்கும் சோதனைகளுக்கு அந்த அதிகாரமே அடிப்படை. ஆனால் பிடித்த பிறகு வழக்கை நடத்த மாநிலப் போலீஸ் போன்ற வேறு அமைப்பிடம் ஒப்படைத்தாக வேண்டும். பாலக்காட்டில் ஆர்.பி.எஃப்.பும் கேரளக் கலால் துறையும் சேர்ந்தே பெட்டி ஏறுகிறார்கள். முதல் நாளிலிருந்தே இரு தரப்பும் உடனிருக்கும் அந்த முறை நல்ல முறை.

ஒரு ஸ்டேஷனில் வண்டி நிற்பது சில நிமிடங்கள். கால் வைக்க இடமில்லாத பொதுப்பெட்டியில், கழிவறை வாசல் வரை ஆட்கள் உட்கார்ந்திருக்க, நூற்றுக்கணக்கான பைகளில் எதைத் திறப்பது? மோப்ப நாய் இருந்தால் கொஞ்சம் எளிது. போத்தனூரில் இதற்கென ஆர்.பி.எஃப். நாய்ப் பயிற்சி மையமே இருக்கிறது. ஆனால் எல்லா வண்டிக்கும் எங்கிருந்து நாய் வரும்? அதனால் சோதனை போடுகிறவரின் கண்தான் முதல் கருவி. அந்தக் கண் தவறான ஆள் மேல் விழும்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். இதே வண்டியில்தான் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கேரளத்துக் கட்டட வேலைகளுக்கும் வடக்கிலிருந்து தொழிலாளர்கள் வருகிறார்கள். வீட்டிலிருந்து அவலும் துணியும் கட்டிக்கொண்டு வரும் பையனின் மூட்டை, பிளாட்பாரத்தில் எல்லோர் கண்முன்னும் பிரித்துக் கொட்டப்படுவது அவனுக்குப் பெரிய அவமானம். மொழி தெரியாத ஊரில் அவனுக்காகப் பேசவும் ஆளில்லை. இந்தி பேசுகிறான் என்பதற்காகவே ஒருவரைச் சந்தேகிப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

ஆள் சிக்கினாலும் வழக்கு நிற்பது எடையையும் காகிதத்தையும் பொறுத்தது. கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் ‘சிறிய அளவு’. தண்டனை அதிகபட்சம் ஓராண்டு. வணிக அளவு என்று சட்டம் குறிப்பது 20 கிலோவுக்கு மேற்பட்டதை. அங்கே 10 முதல் 20 ஆண்டு சிறை. ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம். இடைப்பட்ட அளவுக்கு அதிகபட்சம் 10 ஆண்டு. ஜாமீனில் அந்தக் கெடுபிடி கிடையாது. ஒரே ஆளிடம் 30 கிலோ கொடுத்து அனுப்பாமல், மூன்று பேரிடம் பத்துப் பத்தாகப் பிரிப்பதன் கணக்கு இதுதான். சட்டப்படி கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. அதோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. ஆகவே எல்லையை ஒட்டிய எடையென்றால் வக்கீல் அதையும் கேட்பார்.

உடலைச் சோதிப்பதானால், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டென்று முதலில் அந்த ஆளிடம் சொல்ல வேண்டும். 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை அழுத்திச் சொன்னது. கைப்பைக்கு இந்த விதி பொருந்தாது என்று 2005இல் பவன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இந்த வேறுபாடு தெரியாமல் எழுதிய மகஜர் கோர்ட்டில் அடிவாங்கும். மாதிரி எடுப்பது மாஜிஸ்திரேட் முன்னிலையில் நடக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துக்குப் பயணிகள் யாரும் முன்வருவதில்லை. ஆலப்புழாவில் இறங்க வேண்டியவர் காட்பாடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பல மாதம் கழித்துச் சாட்சி சொல்ல வருவாரா? அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. தூரத்திலிருந்தே காணொலி வழியாகச் சாட்சி சொல்லும் வசதியை இந்த வழக்குகளில் சாதாரண நடைமுறையாக்கினால், அவரும் பேனாவைக் கையில் எடுப்பார்.

மூலத்தில் கைவைத்த முயற்சிகளும் உண்டு. ஆந்திர போலீஸ் 2021இல் தொடங்கிய ‘ஆபரேஷன் பரிவர்த்தனா’வில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கஞ்சா பயிரை அழித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே சுமார் 2 லட்சம் கிலோ கஞ்சாவைத் தீயிட்டது. அதே 2022இல் தமிழகத்தில் ‘கஞ்சா வேட்டை 2.0’ நடந்தது. அப்போது தென் மண்டலப் போலீசார் வழக்கில் சிக்கியவர்கள், அவர்களது உறவினர்கள் ஆகியோரின் வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள். எனக்கு அதிக நம்பிக்கை தந்தது இந்தக் கணக்கு முடக்கம்தான். பயிரை எரித்தால் வியாபாரி அடுத்த மலைக்கு விதையோடு போவான். பையைப் பறித்தால் அடுத்த வாரமே வேறு பை அனுப்புவான். பணத்தைத் தொட்டால்தான் அவன் பெயர் வெளியே வரும். சதிக்கும் உடந்தைக்கும் குற்றத்துக்குரிய அதே தண்டனை என்று போதைப்பொருள் சட்டத்தின் 29ஆவது பிரிவு சொல்கிறது. சொத்தை முடக்கவும் அதே சட்டத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது.

பிடிபடும் குருவியின் போனில் வழி இருக்கிறது. டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பிய கணக்கு, விசாகப்பட்டினத்தில் பையைக் கொடுத்தவனின் எண், ஈரோட்டில் வாங்க வருபவனின் எண் எல்லாம் அதில் இருக்கும். அந்த எண்களைத் தொடர்ந்து இன்னொரு மாநிலத்துக்குப் போக ஒரு எஸ்.ஐ.க்கு அனுமதி வேண்டும், வாகனம் வேண்டும், அங்குள்ள ஸ்டேஷனில் துணைக்கு ஆள் வேண்டும். இவையெல்லாம் கைகூடுவதற்குள் எண்கள் அணைந்துவிடுகின்றன. கூலிக்குச் சுமந்த இருபது வயதுப் பையன் மட்டும் ஜெயிலில் இருப்பான்.

பயணிகள் செய்யக்கூடியதும் உண்டு. ஓடும் வண்டியில் சந்தேகம் எழுந்தால் அழைக்க வேண்டிய எண் 139. போதைப்பொருள் தகவல் எதுவானாலும் 1933. யாரென்று தெரியாதவர் ‘கொஞ்சம் பார்த்துக்கங்க, வந்துடறேன்’ என்று பையை வைத்துவிட்டுப் போனால், அடுத்த ஸ்டேஷன் வரும்வரை காத்திருக்காமல் அழைத்துச் சொல்லுங்கள். அவர் அநேகமாக அடுத்த பெட்டியில்தான் உட்கார்ந்திருப்பார்.